சித்திக்கு சினிமா தெரியாதா?

விருதுநகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது நாற்பத்தைந்து, ஒரு பள்ளியில் அலுவலக வேலை. கடிதம் நீளமானது, முக்கியமான பகுதியை மட்டும் தருகிறேன்.

"சார், நான் பெரிய சினிமா ரசிகை எல்லாம் இல்லை. மாதம் ஒரு படம் தியேட்டரில், மற்றதெல்லாம் டிவியிலும் போனிலும். ராத்திரி ரெண்டு சீரியல், சீசன் வந்தால் பிக் பாஸ். பார்த்ததைப் பற்றி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நாலு வரி எழுதுவேன். போன மாதம் ஒரு படம் பார்த்தேன், பிடித்திருந்தது, செகண்ட் ஹாஃப் மட்டும் லேக் என்று எழுதினேன். சென்னையில் விஸ்காம் படிக்கும் அக்கா மகன், 'சித்தி, உங்களுக்கு சினிமா தெரியாது, அது லேக் இல்லை, ஸ்லோ பர்ன்' என்று போட, எல்லாரும் சிரிக்கிற பொம்மையாகப் போட்டுத் தள்ளினார்கள். அன்றைக்கு ராத்திரி யூடியூபில் நாலு விமர்சனம் பார்த்தால், நாலு பேரும் படத்தையே கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அப்போதிலிருந்து எனக்குப் பிடித்தது நிஜமாகவே பிடித்ததுதானா என்று எனக்கே சந்தேகம். எழுதியதை அழித்துவிட்டேன். என்னைப் போன்றவர்கள் கருத்துச் சொல்லலாமா? சொல்வதற்கு என்ன படிக்க வேண்டும்? சீரியலை ஏன் இப்படி இழுக்கிறார்கள்? வீட்டு டிவியில் படம் போட்டால் பேசுவது கேட்பதில்லை, சண்டை வந்தால் காது கிழிகிறது, எங்கள் டிவியில்தான் கோளாறா?"

அம்மா, தாராளமாகச் சொல்லலாம். நான் பல வருடமாக எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்திருப்பவன், அந்த இடத்திலிருந்தே இதைச் சொல்கிறேன். டிக்கெட் வாங்கியவருக்குப் பேச உரிமை உண்டு என்று வழக்கமாகச் சொல்வார்களே, அதைச் சொல்ல வரவில்லை. உங்களைப் போன்றவர் வாயைத் திறக்காவிட்டால் எங்கள் வேலை பாதியில் நின்றுவிடும், அதனால் சொல்கிறேன். ஒரு படத்தை மாதக்கணக்கில் எடிட் செய்தவனுக்கு அது எங்கே போரடிக்கிறது, எங்கே புரியவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒவ்வொரு ஷாட்டும் மனப்பாடம் ஆகியிருக்கும், அடுத்து என்ன வரும் என்று தெரியும், விடுபட்ட விஷயத்தைக்கூட மனசு தானாக நிரப்பிக்கொள்ளும். டைரக்டருக்கும் அதே நிலைதான். அதனால்தான் சென்சாருக்குப் போவதற்கு முன்னால், பின்னணி இசை சேர்க்கிற ரீ-ரெக்கார்டிங் முழுசாக முடியாத நிலையிலேயே, படத்துக்குச் சம்பந்தமில்லாத கொஞ்சம் பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டுக் காட்டுகிறோம். டிரைவர், ஆபீஸ் பையன், யாரோ ஒருவருடைய அத்தை, அக்கவுண்ட்ஸ் பார்க்கிற பெண், இப்படித்தான் ஆள் பிடிப்போம். சினிமா தெரிந்தவர்கள் எங்களுக்குள்ளேயே போதுமான அளவுக்கு இருக்கிறார்கள், அன்றைக்கு வேண்டியது தெரியாதவர்கள்தான்.

அந்த மாதிரி காட்சியில் நான் திரையைப் பார்ப்பதில்லை. ஓரத்து சீட்டில் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்துகொண்டு வந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். போன் வெளிச்சம் எந்த நேரத்தில் எரிகிறது, யார் காலை மாற்றிப் போடுகிறார்கள், தண்ணீர் பாட்டிலை எப்போது திறக்கிறார்கள், பாத்ரூம் போனவர் நடந்து வருகிறாரா அவசரமாக ஓடி வருகிறாரா, இதையெல்லாம் டைம்கோடோடு குறித்துக்கொள்வேன். சிரிப்பையும் அளப்போம். ஒரு காமெடி வசனத்துக்குப் பிறகு அடுத்த வசனம் வர 12 ஃப்ரேம், அதாவது அரை விநாடி, விட்டிருப்போம். ஆனால் உட்கார்ந்திருப்பவர்கள் ரெண்டு மூணு விநாடி சிரித்து அடுத்த வசனத்தை அமுக்கிவிட்டார்கள் என்றால், நடுவில் யாராவது ஒருவர் முழிக்கிற முகத்தைச் செருகி சிரிப்புக்கு இடம் விடுவோம். நீங்கள் தியேட்டரில் பார்க்கிற படத்தில் இந்த மாதிரி எத்தனையோ இடம், உங்களைப் போன்ற யாரோ சிரித்ததால் வந்ததுதான்.

ஒரு சம்பவம் சொல்கிறேன், உங்கள் 'லேக்' விஷயம் இதில் அடங்கியிருக்கிறது. நான் வேலை செய்த ஒரு படத்தின் இரண்டாம் பாதியில், கதாநாயகி வங்கியில் வரிசையில் நிற்கிற காட்சி ஒன்று உண்டு. ஒன்றரை நிமிடம்தான். ஆபீசில் சமைக்கிற அம்மா ஒருவரும் அன்றைக்குப் படம் பார்த்தார். முடிந்ததும் கேட்டோம். "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, அந்தப் பொண்ணு பேங்க்ல நிக்கிறப்ப மட்டும் எனக்குத் தூக்கம் வந்துடுச்சு" என்றார். உடனே எல்லாரும் அந்தக் காட்சியில் கத்திரியை வைத்தோம். இருபது விநாடி குறைத்துப் பார்த்தோம், ஒட்டவில்லை. பாட்டு போட்டுப் பார்த்தோம், அதுவும் ஒட்டவில்லை. நிதானமாக யோசித்தபோதுதான் பிடிபட்டது: அவளுக்கு எதற்காகப் பணம் வேண்டும் என்பதே பார்ப்பவருக்குத் தெரியாது. முதல் பாதியில் அவளுடைய அம்மா போனில் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்ததைப் பற்றி ஒரு வரி சொல்வாள். நீளம் குறைக்கும்போது அந்த வரி போய்விட்டிருந்தது. நாலு விநாடி. அதைத் திரும்பச் சேர்த்தோம், வங்கிக் காட்சியைப் பழையபடி ஒன்றரை நிமிடத்துக்கே விட்டோம். அடுத்து பார்த்தவர்கள் அந்த இடத்தில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்கள். படம் நாலு விநாடி கூடியது, ஆனால் பார்த்தவர்களுக்குக் குறைந்துபோனது.

அந்தச் சமையல்கார அம்மா சினிமா படித்தவர் இல்லை. ஆனால் அவர் சொன்னதில் ரெண்டு விஷயம் சரியாக இருந்தது. எந்த இடம் என்று சொன்னார், அந்த இடத்தில் தனக்கு என்ன ஆனது என்று சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்டரிடம் போனால் இங்கே வலிக்கிறது என்று தொட்டுக் காட்டுவோமே, அவ்வளவுதான் ஒரு ரசிகர் செய்ய வேண்டியது. எதனால் வலிக்கிறது என்று கண்டுபிடிப்பது எங்கள் பாடு.

இந்தக் கணக்கில் உங்களுக்கும் உங்கள் அக்கா மகனுக்கும் சண்டையே கிடையாது. நீங்கள் 'லேக்' என்று எழுதியது உங்களுக்கு நடந்தது. அவர் 'ஸ்லோ பர்ன்' என்று சொன்னது டைரக்டர் நினைத்தது. டைரக்டர் மெதுவாகச் சூடேற்ற நினைத்திருக்கலாம், உங்களுக்குச் சூடு ஏறாமலும் போயிருக்கலாம், ரெண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். ஆனால் ஒன்று, நீங்கள் எழுதியது "செகண்ட் ஹாஃப் லேக்" என்ற மூணு வார்த்தை. அது ஊரே சொல்கிற வார்த்தை. எந்தப் படம் வந்தாலும் இதைத்தான் எழுதுகிறார்கள், அதனால் அதைப் படித்து யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. "அவர்கள் மதுரைக்குக் கிளம்பியதிலிருந்து எனக்கு மனசு ஒட்டவில்லை, அந்தத் தங்கச்சி என்ன ஆனாள் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்" என்று எழுதியிருந்தால், விஸ்காம் பையன் சிரிக்கிற பொம்மை போட்டிருக்க மாட்டார். அவருக்கே அந்தத் தங்கச்சி ஞாபகம் வந்திருக்கும்.

இரண்டாம் பாதி என்றாலே எல்லாருக்கும் இழுக்கிற மாதிரி தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் ஊரில் படம் எழுதும்போதே இன்டர்வெல் பிளாக்கை, அதாவது இடைவேளைக்கு முன்னால் வருகிற பெரிய காட்சியைத்தான், முதலில் பிடிப்பார்கள். அந்த இடத்தில் பெரிய வாக்குறுதி ஒன்றைக் கொடுத்து வெளியே பாப்கார்ன் வாங்க அனுப்புகிறோம். உள்ளே திரும்பி வந்தால் ஃபிளாஷ்பேக் ஓடுகிறது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றத் தாமதமாகிற ஒவ்வொரு நிமிடமும் ரெண்டு நிமிடமாகத் தெரியும்.

அதனால் நிமிடத்தைக் குறைத்தால் மட்டும் லேக் போய்விடாது. ஃபிலிம் சுருள் காலத்தில், படம் நீளம் என்று ஊரில் பேச்சு கிளம்பினால் ஆப்பரேட்டரே ஒரு பாட்டைத் தூக்கிவிட்டு ஓட்டிய கதைகள் உண்டு. 1994இல் வந்த 'மகாநதி'தான் இந்தியாவில் அவிட் என்ற கணினி எடிட்டிங் முறையில் எடிட் செய்த முதல் படம் என்பார்கள். அதற்குப் பிறகு டிஜிட்டல் புரொஜெக்‌ஷனும் வந்துவிட்டதால், இப்போது சென்சாருக்குத் தெரிவித்துவிட்டுக் குறைத்த படத்தை எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிடலாம். 2024இல் 'இந்தியன் 2', 'கங்குவா' இரண்டுக்கும், வெளியான சில நாளிலேயே ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் குறைத்தார்கள். படத்தைப் பற்றிய பேச்சு அதனால் மாறிவிடவில்லை. வெளியான பிறகு வெட்டுவதை நான் தப்பு என்று சொல்லவில்லை, ஆனால் அந்த நேரத்தில் வெட்டுகிறவர் கையில் அவகாசம் இருக்காது. அந்த வங்கிக் காட்சி மாதிரி, கோளாறு வேறொரு இடத்தில் இருக்கிறதா என்று தேட முடியாது. வலிக்கிற இடத்திலேயே வெட்டுவார்கள்.

'கங்குவா' விஷயத்தில் இன்னொன்றும் நடந்தது, அதை நான் சாதாரண ரசிகருக்குக் கிடைத்த மரியாதையாகவே பார்க்கிறேன். படம் வந்த நவம்பர் 14 அன்றே பார்த்துவிட்டு வந்தவர்கள் "சத்தம் தாங்கல, தலை வலிக்குது" என்று சொன்னார்கள். டெசிபல் என்றோ மிக்ஸிங் என்றோ யாரும் சொல்லவில்லை, தலைவலி என்றுதான் சொன்னார்கள். தயாரிப்பாளர் தியேட்டர்களிடம் ஒலியை ரெண்டு பாயிண்ட் குறைக்கச் சொன்னார். எந்தத் தொழில்நுட்ப வார்த்தையும் தேவைப்படவில்லை பாருங்கள்.

அதே நவம்பரில்தான் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சங்கம், யூடியூப் சேனல்கள் தியேட்டர் வளாகத்துக்குள் வந்து படம் பார்த்தவர்களிடம் கருத்துக் கேட்பதை அனுமதிக்காதீர்கள் என்று தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டது. அடுத்த மாதம், வெளியான முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனமே வரக் கூடாது என்று கேட்டுப் போன வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட மறுத்துவிட்டது. என் தொழிலில் இருக்கிறவர்கள் நிறையப் பேருக்கு இதில் வருத்தம். பணம் போட்டவர்களின் பயம் எனக்கும் புரிகிறது, வெள்ளிக்கிழமை காலைக் காட்சி முடிவதற்குள் ஒரு படத்தை முடித்துக் கட்டிவிடுகிறார்கள் என்பதும் உண்மைதான். ஆனாலும் பார்த்தவர் வாயை அடைப்பது எங்களுக்கே கெடுதல் என்றுதான் நான் எப்போதும் சொல்லி வருகிறேன். தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டும்போது வருகிற பதில் பொதுவாக மைக்குக்காக வருகிற பதில், அது வேறு விஷயம். உங்கள் குடும்ப குரூப்பில் வருகிற நாலு வரி அப்படிப்பட்டது இல்லை.

இப்போது உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன், கடிதத்திலேயே எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்த இடம் அதுதான். நாலு விமர்சனம் பார்த்த பிறகு பிடித்தது பிடித்ததுதானா என்று தெரியவில்லை என்கிறீர்கள். படம் பார்த்த ரெண்டு மணி நேரமும் நீங்கள் சிரித்திருக்கிறீர்கள், ஓர் இடத்தில் கண் கலங்கியது என்றும் எழுதியிருக்கிறீர்கள் (படத்தின் பெயரை நான் இங்கே போடவில்லை, அதில் வேலை செய்தவர்கள் என் நண்பர்கள்). அது நடந்து முடிந்த விஷயம். ராத்திரி பத்து மணிக்கு யாரோ பேசியதால் சாயங்காலம் கண் கலங்கியது இல்லாமல் போய்விடாது. விமர்சகர் பொய் சொன்னார் என்று அர்த்தமில்லை. அவர் அந்த வாரத்தில் அது நாலாவதோ ஐந்தாவதோ படமாகப் பார்த்திருப்பார், மதியத்துக்குள் வீடியோ ஏற்ற வேண்டிய அவசரத்தில் பார்த்திருப்பார். நீங்கள் மாதம் ஒரு படம், அதுவும் கணவரோடு, வேலை முடிந்து பார்க்கிறீர்கள். அவருக்கு நடந்தது அவருக்கு, உங்களுக்கு நடந்தது உங்களுக்கு.

2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' தியேட்டரில் ஓடவில்லை. அதே படத்தைப் பிறகு டிவியில் திரும்பத் திரும்பப் போட்டு, வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் கொண்டாடி, இன்றைக்குப் புதுசாகப் பார்க்கிற பிள்ளைகள்கூட அது எப்படி ஓடாமல் போனது என்று கேட்கிறார்கள். பொங்கல் கூட்டத்தோடு கொண்டாட்டமாகப் படம் பார்க்கப் போய் அது தன்னைத் தொடவில்லை என்று சொன்னவரும் பொய் சொல்லவில்லை, பத்து வருடம் கழித்து ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவி முன்னால் கண்ணைத் துடைத்தவரும் பொய் சொல்லவில்லை. ஒரு படத்துக்குத் தீர்ப்பு அவ்வளவு சீக்கிரம் எழுதி முடிக்கப்படுவதில்லை.

அதனால் ஒரே ஒரு பழக்கம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். படம் முடிந்ததும் போனை எடுக்காதீர்கள். பஸ்ஸிலோ வண்டியிலோ வீட்டுக்கு வரும் வழியில் கூட வந்தவரிடம் பேசுங்கள், எந்த இடம் மனசில் நிற்கிறது, எந்த இடத்தில் வீட்டு ஞாபகம் வந்தது, யாரைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது என்று. அதை எழுதுங்கள். எழுதிப் போட்டுவிட்டு அப்புறம் எத்தனை விமர்சனம் வேண்டுமானாலும் பாருங்கள், அவர்கள் சொல்வதைக் கேட்டு மனசை மாற்றிக்கொண்டாலும் குற்றமில்லை. முதலில் உங்களுடையது என்ன என்று தெரிந்திருந்தால்தான் மாறியது எது என்றாவது தெரியும்.

ஒரு இடத்தில் மட்டும் உங்களைக் கொஞ்சம் நிறுத்த விரும்புகிறேன். பிக் பாஸில் வருகிற ஒரு பெண்ணைப் பற்றி, திமிர் பிடித்தவள், முகத்திலேயே தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா, வீட்டுக்குள் ஒரு நாள் முழுக்க ஓடுகிற கேமராக்கள் பிடித்ததிலிருந்து ராத்திரி உங்களுக்கு வருவது ஒரு மணி நேரச் சொச்சம். அதை எடுத்துக் கோர்ப்பவர் என்னைப் போன்ற ஒரு எடிட்டர். ஒருவர் அழுதுகொண்டே பேசுகிறார், அடுத்த ஷாட்டில் இன்னொருவர் கண்ணை உருட்டுகிறார் என்றால், அந்தக் கண் உருட்டல் அந்த அழுகைக்குத்தான் என்று நீங்கள் நம்புகிறீர்கள். அது காலையில் காபி ஆறிப்போனதற்காக உருட்டியதாகக்கூட இருக்கலாம். ரெண்டு ஷாட்டை ஒட்டிவைத்தால் பார்ப்பவர் மனசு தானாக ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொள்ளும், எங்கள் தொழிலே அதை நம்பித்தான் நடக்கிறது. சினிமாவில் அதைச் செய்தால் கதாபாத்திரத்துக்குத்தான் பெயர் கெடும். ரியாலிட்டி ஷோவில் செய்தால் நாளைக்குக் கடைத்தெருவில் நடந்துபோக வேண்டிய ஒரு மனுஷிக்குக் கெடும். ஷோவைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். அந்தப் பெண்ணைத் திட்டுவதற்கு முன்னால், நான் பார்த்தது இன்னொருவர் பொறுக்கிக் கொடுத்த முகம் என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சீரியலுக்கு வருவோம். இதில் நீங்கள்தான் எங்களைவிடத் தெரிந்தவர். மூணு வருடமாக ஒரு கதாபாத்திரத்தோடு தினமும் இருக்கிறீர்கள், அவள் முந்தாநாள் சொன்னதுக்கும் இன்றைக்குச் செய்வதுக்கும் முரண் வந்தால் முதலில் உங்களுக்குத்தான் உறுத்தும். 'இவருக்குப் பதில் இவர்' என்று கீழே ஒரு வரி போட்டு ஆளை மாற்றினாலும், அடுத்த வாரமே புது முகத்துக்குப் பழைய கோபத்தையும் பழைய பாசத்தையும் கொடுத்து ஏற்றுக்கொள்கிறீர்களே, அந்த ஞாபகசக்தி எந்த விமர்சகருக்கும் கிடையாது.

இழுப்பதற்கான காரணம் கணக்குதான். அரை மணி நேர சீரியல் என்றால் விளம்பரம் போக ஏறக்குறைய 22 நிமிடம் காட்டியாக வேண்டும். ஒரு நாள் ஷூட்டிங்கில் ஒரு எபிசோடுக்கான சரக்காவது வந்தாக வேண்டும், வாரம் முழுக்க ஒளிபரப்பு வேறு. எழுதியது பதினெட்டு நிமிடம் வருகிறது, மீதி நாலு நிமிடத்துக்கு எங்கே போவது? மாமியார் ஒரு வார்த்தை சொன்னதும் வீட்டில் நிற்கிற எட்டுப் பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டி, மின்னல் சத்தம் போட்டு, அதையே திரும்ப இன்னொரு சுற்று. நானும் சீரியல் எடிட் செய்திருக்கிறேன், அந்த எட்டு முகமும் எந்த வரிசையில் வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். 'கோலங்கள்' 2003இல் ஆரம்பித்து 2009 வரை 1,500 எபிசோடைத் தாண்டி ஓடியது. அவ்வளவு தூரம் ஓட வேண்டிய வண்டியில் எடிட்டருக்கு ஆக்சிலேட்டர் கிடையாது.

இன்னொரு காரணம் டிஆர்பி, அதாவது எந்த நிகழ்ச்சியை எவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கு. நாடு முழுக்க ஐம்பதாயிரம் சொச்சம் வீடுகளில் இந்தக் கணக்கை எடுக்கிற பார்க் (BARC) நிறுவனத்தின் மீட்டர் இருக்கிறது. சேனல் ஒலிக்குள் நம் காதுக்குக் கேட்காத ஒரு குறியீட்டைக் கலந்து அனுப்புகிறார்கள், மீட்டர் அதைப் பிடித்து எந்த வீட்டில் எந்த சேனல் ஓடுகிறது என்று கணக்கு வைக்கிறது. ஒவ்வொரு வாரமும் அந்த எண் வந்ததும் எந்தக் காட்சியில் ஏறியது, எங்கே இறங்கியது என்று பார்த்துத்தான் அடுத்த திருப்பத்தை முடிவு செய்கிறார்கள். கல்யாணம் நிற்கப்போகிறது என்ற வாரத்தில் எண் ஏறினால், கல்யாணம் இன்னும் மூணு வாரம் நின்றுகொண்டே இருக்கும். அதோடு, சீரியல் பார்ப்பவர்களில் பாதிப் பேர் அடுப்படியிலிருந்து காதால்தான் பார்க்கிறார்கள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் "என்ன, நீ கடிதத்தைக் கிழிச்சிட்டியா!" என்று கிழிப்பதையும் வசனமாகச் சொல்ல வைக்கிறோம். குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்பவருக்குக் கதை விட்டுப்போகக் கூடாது. உங்கள் அக்கா மகன் சீரியலை மட்டமாகப் பேசினால் இதைச் சொல்லுங்கள், வேலை செய்துகொண்டிருக்கிற மனுஷிக்குக் கதை சொல்வது சாதாரண வேலை இல்லை.

என்ன படிக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். கருத்துச் சொல்வதற்காக என்றால் எதுவும் வேண்டாம். ஆசைக்காக என்றால், உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒரு பழைய படத்தில் ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு டிவியை மியூட் செய்து பாருங்கள். ஒவ்வொரு தடவை ஷாட் மாறும்போதும் விரலால் மேசையைத் தட்டுங்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு அதே காட்சியைக் கேளுங்கள். எங்கே இசை ஆரம்பிக்கிறது, எங்கே நின்றுபோகிறது, யார் பேசும்போது யார் முகம் தெரிகிறது, இதெல்லாம் தானாகக் கண்ணிலும் காதிலும் படும். இதை உங்கள் அக்கா மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள் என்பேன். அவர் படிக்கிற படிப்பில் நிஜமாகவே நல்ல விஷயங்கள் இருக்கின்றன, அந்தப் பிள்ளை வார்த்தையை மட்டும் எடுத்து வீசுவதற்குப் பதில் காட்சியைக் காட்டிப் பேசினால் உங்களுக்கும் சுவாரசியமாக இருக்கும். அடுத்த தடவை "ஸ்லோ பர்ன்" என்றால், எந்தக் காட்சியிலிருந்து சூடு ஏறுகிறது, எனக்குக் காட்டு என்று கேளுங்கள். கோபமாகக் கேட்காதீர்கள், தெரிந்துகொள்ளக் கேளுங்கள். அவருக்கும் அது நல்ல பயிற்சி, அவர் நாளைக்கு எங்கள் தொழிலுக்கு வந்தால் இந்தக் கேள்வியைத்தான் தினமும் சந்திப்பார்.

அழித்ததைத் திரும்பப் போடுங்கள், அந்தத் தங்கச்சி மாதிரி ஒரு விவரத்தைச் சேர்த்து.

கடைசியாக டிவி சத்தம். கோளாறு உங்கள் டிவியில் இல்லை, அதை வடிவமைத்த விதத்திலும் நாங்கள் படத்தை மிக்ஸ் செய்கிற விதத்திலும் இருக்கிறது. தியேட்டருக்கான 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கிற ஒரு ஸ்பீக்கரில் தனியாக வரும், இசையும் சண்டையும் மற்ற ஸ்பீக்கர்களில் வரும். வீட்டு டிவியில் ரெண்டே ஸ்பீக்கர், அதுவும் மெல்லிசு டிவிகளில் கீழே பார்த்தோ சுவரைப் பார்த்தோ இருக்கும். எல்லாம் அதற்குள் நெருக்கியடித்து வரும்போது குசுகுசுவென்று பேசுவது அடிபட்டுப்போகிறது. ஓடிடியில் படம் போடும்போது ஆடியோ பகுதியில் 5.1, ஸ்டீரியோ என்று ரெண்டும் இருந்தால் ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். டிவி செட்டிங்கில் சவுண்ட் மோடு என்ற இடத்தில் 'கிளியர் வாய்ஸ்', 'டயலாக்', 'ஆட்டோ வால்யூம்', 'நைட் மோடு' என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் ஏதாவது இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள், பேச்சு மேலே வரும், வெடிச்சத்தம் அடங்கும். 'மூவி' மோடு என்று இருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

தியேட்டரிலும் இதே பிரச்னை வந்தால் சும்மா இருக்காதீர்கள். மிக்ஸிங் செய்யும்போது ஒலி அளவை 7 என்ற எண்ணில் வைத்துக் கேட்டுத்தான் சரிபார்ப்பார்கள். ஊர் தியேட்டர்களில் நிறைய இடத்தில் அதே படத்தை 5இலோ அதற்கும் கீழேயோ வைத்து ஓட்டுகிறார்கள், அப்போது மெல்லப் பேசுவது காணாமல் போய்விடும். அதற்குப் பயந்து சில படங்களில் எல்லாவற்றையும் சத்தமாகவே மிக்ஸ் செய்துவிடுகிறார்கள், ஏதோ ஒரு தியேட்டரில் முழு அளவில் வைத்தால் காது போகிறது. படம் ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் வசனம் கேட்கவில்லை என்றாலோ காது வலித்தாலோ, எழுந்து போய் மேனேஜரிடமோ டிக்கெட் கிழிப்பவரிடமோ எந்த ஸ்கிரீன் என்று சொல்லி, ஆப்பரேட்டரிடம் ஒரு பாயிண்ட் ஏற்றவோ இறக்கவோ சொல்லச் சொல்லுங்கள். ஒரு குமிழைத் திருப்புகிற வேலைதான், பெரும்பாலும் செய்துவிடுவார்கள். படம் முடிந்து வெளியே வந்து சொன்னால் அடுத்த ஷோவுக்கு வருகிறவர்களுக்குத்தான் பயன்.